துருவும் வெள்ளைப் பெயின்ட்டும்

சொந்த ஊருக்கு வந்த ஒரு மனுஷன், பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து செம்மண் சலிப்பதை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். கந்தர்வக்கோட்டையில்.

அவர் என்னோடு பத்து வருஷம் ஒரே ஆபீஸில் குப்பை கொட்டியவர். வயது ஐம்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு. முதலில் மாவு சல்லடை. அதில் இறங்கிய மண்ணை அப்பாவின் பழைய வேட்டித் துணியில் போட்டு இரண்டாவது சலிப்பு. கடைசியில் ஒரு சின்ன டப்பாவில் விபூதி மாதிரி மிருதுவாக ஒரு பிடி மண் சேர்ந்தது.

"எதுக்குங்க இவ்வளவு நைஸா?" என்றேன்.

"ஸ்கேல் சார். அரை மில்லிமீட்டர் மணல் ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னு வைங்க, முப்பத்தஞ்சால பெருக்குங்க. பதினேழரை மில்லிமீட்டர். டாங்கி மேல கூழாங்கல்லு ஒட்டிக்கிட்டிருக்கிற மாதிரி ஆயிடும்."

அவருடைய பொழுதுபோக்கு அது. ராணுவ வண்டிகளின் மாடல் செய்வது. பிளாஸ்டிக் துண்டுகளாக வரும் கிட்டை வாங்கி, வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு டாங்கியாக்குவது. முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. அந்தக் கணக்கில் ஐந்தரை அடி மனிதன் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு டாங்கிக்கு மூன்று மாதம் ஆகும் என்றார். அதில் ஒட்டுவது இரண்டு வாரம்தானாம்.

"மிச்ச நாளெல்லாம்?"

"அழுக்காக்கறது சார்!"

இதற்கு 'வெதரிங்' என்று பெயர். வெயில், மழை, புழுதி, துரு எல்லாம் பட்டுப் பழசான தோற்றத்தைத் தூரிகையால் கொண்டுவருவது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு வாய் பிளந்தது. முதலில் துரு நிறத்தில் ஒரு பூச்சு. அதன் மேல் பெண்கள் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரே. அதற்கும் மேல் ராணுவப் பச்சை. பச்சை காய்ந்ததும் தண்ணீர் தொட்டு, ஒரு முரட்டுத் தூரிகையால் மெல்லச் சுரண்டினால் ஹேர் ஸ்பிரே இளகி, பச்சை அங்கங்கே பெயர்ந்து உள்ளே இருக்கும் துரு எட்டிப் பார்க்கும். கரும்பழுப்பு நிறத்தைத் தண்ணீர் மாதிரி கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டால் வருஷக் கணக்கில் சேர்ந்த எண்ணெய்க் கசடு தயார். கடைசியில் புழுதி. அதற்குத்தான் இந்த மண்.

புதுசைப் பழசாக்க இத்தனை பாடு! நம் வீட்டில் பழைய பீரோவுக்குப் பெயின்ட் அடித்துப் புதுசாக்குவோம். இது தலைகீழ்.

* * *

இந்த 35 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான கதை உண்டு. ஜப்பானில் ஷிசுவோகா என்று ஒரு நகரம். 1945 ஜூனில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு எரித்த நகரம். மறு வருடம் அங்கே ஒரு மரக்கடையாக ஆரம்பித்ததுதான் தமியா நிறுவனம். 1951-ல் அந்த மரக்கடையும் தீயில் போக, மர பொம்மைப் பக்கம் திரும்பி, பிறகு பிளாஸ்டிக்குக்கு வந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கியை மாடலாகச் செய்தபோது, அது ஓட வேண்டும் என்பதற்காக உள்ளே மோட்டாரும் பேட்டரியும் வைக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அதற்கேற்ப அளவை வைத்தார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதுவே உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.

நிஜ டாங்கியில் மனிதர்கள் உட்காரும் இடத்தில் இங்கே பேட்டரி உட்கார்ந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

போரை விளையாட்டுப் பொருளாக்கலாமா என்ற கேள்வி பழசு. எழுத்தாளர் ஹெச்.ஜி.வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டுத் தரையில் போர் விளையாடுவது எப்படி என்று விதிமுறைகளோடு. அவர் போர் வெறியர் இல்லை. பெரிய மனிதர்களெல்லாம் இப்படித் தரையில் விளையாடிவிட்டுப் போனால் நிஜச் சண்டை எவ்வளவு அபத்தம் என்பது புரியும் என்பது அவர் கட்சி. அடுத்த வருடம் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. பொம்மை எதையும் தடுக்கவில்லை. பொம்மையால்தான் போர் வந்தது என்று சொல்லவும் முடியாது. ஆகவே அந்தக் கேள்வியை நான் அங்கேயே விட்டுவிடுகிறேன். அன்று கந்தர்வக்கோட்டையில் எனக்குக் கிடைத்தது வேறு கேள்வி.

* * *

நண்பரின் அப்பா ராணுவத்தில் இருந்தவர். ஈ.எம்.இ. என்கிற பிரிவில் வண்டி மெக்கானிக். 1971 போரின்போது அவருக்கு இருபத்தொரு வயது. ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டவர். 2018-ல் கஜா புயல் அதில் பாதியைச் சாய்த்துவிட்டது. சண்டையைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லை என்று நண்பர் சொல்லியிருக்கிறார். பென்ஷன், கேன்டீன் கோட்டா, பழைய கம்பளி இவைதான் அந்த வீட்டில் ராணுவத்தின் மிச்சங்கள்.

இந்தத் தடவை நண்பர் கொண்டுவந்திருந்தது ஒரு செஞ்சூரியன். 1971 டிசம்பர் 16-ல் பசந்தர் நதிப் பக்கம் நடந்த சண்டையில் செகண்ட் லெஃப்டினன்ட் அருண் கேத்ரபால் கடைசி வரை இருந்து போரிட்டாரே, 'ஃபமகுஸ்தா' என்ற வண்டி, அதன் மாடல். எரிகிற வண்டியைவிட்டு இறங்கி வரச் சொன்ன உத்தரவை ஏற்காமல், துப்பாக்கி இன்னும் வேலை செய்கிறது என்று சுட்டுக்கொண்டே உயிரைவிட்டவர். பரம் வீர் சக்ரா பெற்றபோது, அதைப் பார்க்க அவர் இல்லை. வயது 21.

பெரியவரும் அதே போரில் இருந்தவர் என்பதால், அவர் கண்ணில் காட்டி ஒரு 'சபாஷ்' வாங்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை. ஐம்பதை நெருங்கினாலும் மகன் மகன்தானே.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். டாங்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சக்கரங்களை எண்ணினார்.

"வேலைப்பாடு நல்லாருக்குடா" என்றார். அப்புறம், "ஆனா இதென்ன இவ்ளோ துரு?"

"சண்டையில இருந்த வண்டியில்லப்பா..."

"சண்டையில இருந்த வண்டிக்குத் துரு எங்கேருந்துடா வரும்? தெனம் மெயின்டனன்ஸ் பரேடு உண்டு. இப்படி வெச்சிருந்தா எங்க சுபேதார் தோலை உரிச்சிருப்பாரு. துருங்கறது நின்னுபோன வண்டிக்கு வர்றது. ஓடற வண்டிக்குப் புழுதி வரும், கிரீஸு வரும், சேறு வரும். துரு வராது."

நண்பர் முகம் சுருங்கிவிட்டது. டப்பாவில் இருந்த செம்மண்ணைக் காட்டினார். "இனிமேதாம்ப்பா புழுதி போடணும்."

பெரியவர் சிரித்தேவிட்டார். "ஏண்டா, அது பஞ்சாப் மண்ணுடா! ஆத்து மண்ணு. சாம்பலும் பழுப்பும் கலந்தாப்புல இருக்கும். நீ நம்மூரு செம்மண்ண போட்டீன்னா, சண்டை ஆதனக்கோட்டைப் பக்கம் நடந்துச்சும்பான்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பெரியவர் டாங்கியைக் கீழே வைக்கவில்லை. கோபுரத்தின் மேலிருந்த மூடியை நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை.

"தொறக்காதா?"

"ஒட்டிட்டேம்ப்பா. உள்ள ஒண்ணும் கிடையாது. வெறும் கூடுதான்."

"உள்ள ஒண்ணும் கிடையாதா" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

* * *

ராத்திரி சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தஞ்சாவூர் - புதுக்கோட்டை சாலையில் லாரிகள் போகும் சத்தம். பெரியவர் யாரும் கேட்காமலே ஆரம்பித்தார்.

"அடிபட்ட வண்டிய நாங்க இழுத்துக்கிட்டு வருவோம் தம்பி. வெளிய பார்த்தா ஒண்ணும் பெரிசா இருக்காது. ஒரு ஓட்டை. நம்ம கட்டைவிரல் போற அளவு, சில சமயம் ரெண்டு விரல் அளவு. அத வெல்டு வெச்சு அடைச்சுடலாம். உள்ளதான்..."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பினாயில் ஊத்திக் கழுவுவோம். ஒரு தடவை கழுவினாப் போதாது. அப்புறம் வெள்ளைப் பெயின்ட். உள்ள எப்பவும் வெள்ளைதான் அடிக்கறது, வெளிச்சத்துக்காக. ஆனா நாங்க அடிச்சது வெளிச்சத்துக்கு இல்ல. வாசனைக்கு. புதுசா வந்து ஏறுற பசங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு."

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இதே வேலையைச் செய்த பெல்ட்டன் கூப்பர் என்ற அதிகாரி, தன் நினைவுகளை எழுதியிருக்கிறார். அதிலும் இதே வருகிறது. அடைத்தார்கள், கழுவினார்கள், உள்ளே முழுக்கப் பெயின்ட் அடித்தார்கள். புதுப் பெயின்ட்டின் நெடி மற்ற நெடியை அமுக்கிவிடும் என்று. உலகம் முழுக்க ஒரே முறைதான் போலிருக்கிறது.

"அப்படி ஒரு வண்டி ரெடி பண்ணிக் குடுத்தோம். ஒரு பையன் வந்தான். மீசைகூடச் சரியா வரல. ஏறிப் பார்த்துட்டு, பெயின்ட் வாசனை அடிக்குதில்ல, 'இது புது வண்டியா உஸ்தாத்?'னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்கப்பா?" நண்பர்தான் கேட்டார்.

"புதுசுதான்னேன்."

லாரி ஒன்று போனது.

"அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு நாள்ல சண்டை நின்னுபோச்சு. ஊருக்குப் போயிருப்பான், கல்யாணம் கட்டியிருப்பான். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே? அவன் நிம்மதியா உக்கார்ந்த எடத்துல முந்தாநாள் இன்னொருத்தன் உக்கார்ந்திருந்தான். அவன் பேரு எனக்குத் தெரியும். அவன் அங்க இருந்ததே இல்லன்னு நான் பெயின்ட் அடிச்சுட்டேன்."

ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு மனிதர் ஒரே ஒரு வார்த்தையைச் சுமந்திருக்கிறார். 'புதுசுதான்.'

* * *

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது பொய்தான். ஆனால் தப்பா?

ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட்டிடம் கேட்டால், சந்தேகமில்லாமல் தப்பு என்பார். 1797-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை பிரசித்தம். கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, 'உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?' என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று வாதாடுகிறார். நம் வள்ளுவர் அந்த அளவுக்குப் போகவில்லை. குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மைக்குரிய இடத்தில் வைக்கலாம் என்கிறார். பெரும்பாலும் நாம் எல்லோரும் வள்ளுவர் கட்சிதான். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அம்மாவிடம் 'ஒண்ணுமில்லம்மா, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்' என்று சொல்லாதவர் நம்மில் யார்?

அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். அந்த வண்டியில் ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவனுக்கு இல்லை. உண்மை தெரிந்திருந்தால் கூடுதலாகக் கிடைத்திருப்பது பயம் ஒன்றுதான். பயந்த கை நடுங்கும். நடுங்குகிற கை அவனோடு இருக்கும் மற்ற மூன்று பேரையும் கொல்லும். ஆகவே பையனைப் பொறுத்தவரை பெரியவர் சொன்னது கருணை. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் வள்ளுவர் போட்ட நிபந்தனையைக் கவனியுங்கள். 'குற்றமில்லாத' நன்மை. நாம் பொய் சொல்லும்போது, அதைக் கேட்கிறவரை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கிறோம். பொய் யாரைப் பற்றியதோ அவரை விட்டுவிடுகிறோம். இங்கே செத்துப்போனவன் ஒருவன் இருக்கிறான். கருணை பையனுக்குப் போனது. அதற்கான விலையைக் கொடுத்தது அவன். அவன் இருந்த தடமே அழிந்தது. பெரியவரை உறுத்திக்கொண்டிருந்தது பையனிடம் சொன்ன பொய் இல்லை, செத்தவனிடம் பட்ட கடன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கடனை எப்படி அடைப்பது? அதற்கும் பசந்தரிலேயே ஒரு பதில் இருக்கிறது. அருண் கேத்ரபாலின் அப்பா பிரிகேடியர் எம்.எல்.கேத்ரபால், தான் பிறந்த சர்கோதாவை ஒரு முறை பார்த்துவிட ஆசைப்பட்டு, 2001-ல் தன் எண்பத்தொன்றாவது வயதில் பாகிஸ்தான் போனார். லாகூரில் ஓய்வுபெற்ற பாகிஸ்தான் பிரிகேடியர் கவாஜா முகமது நாசர் அவரைத் தன் வீட்டிலேயே தங்கவைத்து, சொந்த அப்பாவைப் போலக் கவனித்துக்கொண்டார். கிளம்புவதற்கு முந்தைய நாள் ராத்திரி, நாசர் ஒரு விஷயத்தைச் சொன்னார். அன்று அருணின் டாங்கிக்கு எதிரே நின்றது தன்னுடைய டாங்கி என்று. உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான் என்று.

சொல்லாமல் இருந்திருக்கலாம். கிழவர் சந்தோஷமாக ஊர் திரும்பியிருப்பார். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் சொன்னார். கேட்டவரும் வெறுப்போடு திரும்பவில்லை.

உண்மைக்கு ஒரு வேளை உண்டு. சண்டைக்கு முதல் நாள் வண்டியில் ஏறுகிறவனிடம் சொல்லாமல் இருப்பது கருணை. முப்பது வருஷம் கழித்தும் சொல்லாமலே இருந்தால் அது வேறு ஏதோ. தள்ளிவைத்த உண்மை பொய்யாகாது, என்றைக்காவது ஒரு நாள் சொல்லிவிட்டால். அன்று திண்ணையில் பெரியவர் செய்ததும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

* * *

மறுநாள் காலையில் புதுக்கோட்டைப் பக்கம் போனோம். இந்த ஜில்லாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஐயனார் உண்டு. ஐயனார் இருந்தால் மண் குதிரை உண்டு. ஊர்க்காவலுக்கு ராத்திரி ஏறிப் போக அவருக்கு வாகனம் வேண்டுமே. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு ராணுவ வண்டியின் மாடல்தான்! ஒரே வித்தியாசம், நண்பர் பெரியதைச் சின்னதாக்குகிறார். நம் வேளார்கள் குதிரையை ஆள் உயரத்துக்கும் மேலே பெரிதாக்கினார்கள். சின்னதாக்கினால் அது நம் அலமாரிக்குள் அடங்கிவிடும். பெரிதாக்கினால் நாம்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

புரவியெடுப்புக்கு முன்னால் ஊர்க்காரர்கள் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். ஒரு பிடி மண். அதுதான் உத்தரவு, அதுதான் ஒப்பந்தம். அந்த மண்ணில் தொடங்கிக் குதிரை செய்து, சுட்டு, வண்ணம் தீட்டி, ஊர்வலமாகக் கொண்டுபோய் கோயிலில் நிறுத்துவார்கள். அதோடு சரி. பிறகு அதை யாரும் சீண்ட மாட்டார்கள். வெயில் வண்ணத்தை உரிக்கும். மழை காதைக் கரைக்கும். ஒரு கால் உடையும். நமணசமுத்திரத்தில் வரிசையாக நிற்கும் குதிரைகளைப் பார்த்தால் தெரியும். பழசை ஒட்டுப்போட்டுப் புதுசாக்குவதுமில்லை, புதுசுக்குப் பழசு வேஷம் போடுவதுமில்லை. உடைந்தது உடைந்தபடி இருக்க, பக்கத்தில் புதுக் குதிரை வந்து நிற்கும். எந்த வருஷம் யார் வேண்டிக்கொண்டது என்பதுகூட மறந்துபோயிருக்கும். ஆனால் யாரோ இருந்தார்கள், எதற்கோ பயந்தார்கள், வேண்டிக்கொண்டார்கள் என்பது மட்டும் மறையாமல் நிற்கும்.

நண்பர் ரொம்ப நேரம் அந்தக் குதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதான் சார் வெதரிங்" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செம்மண் டப்பாவைக் கொண்டுபோய் முந்திரி மரத்தடியில் கொட்டினார். துரு மேல் மறுபடி பச்சை பூசினார். பிறகு ஒரு பிளேடை எடுத்து, ஒட்டியிருந்த அந்த மூடியை மெல்லப் பெயர்க்க ஆரம்பித்தார். கால் மணி நேரம் ஆனது. உள்ளே வெறும் இருட்டு.

வெள்ளைப் பெயின்ட் புட்டியையும் மெல்லிய தூரிகையையும் எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

பெரியவர் கை லேசாக நடுங்கியது. ஆனால் பழகின கை. மூடியின் உள்பக்கம், அந்த ஓட்டையின் விளிம்பு, தூரிகை எட்டுகிற வரைக்கும் உள்சுவர் எல்லாம் வெள்ளை அடித்தார். இந்த முறை எதையும் மறைப்பதற்காக இல்லை. காய்ந்த பிறகு, "இப்ப ஒட்டிரு" என்றார். மூடுவதற்கு முன்னால் ஒரு பெயரைச் சொன்னார். மகனுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும்.

அந்த டாங்கி இப்போது சென்னையில் நண்பர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் புழுதி நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். துரு ஏன் இல்லை என்று விஷயம் தெரிந்த ஓரிருவர் கேட்கிறார்கள். உள்ளே வெள்ளை அடித்திருப்பது அப்பாவுக்கும் மகனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இப்போது உங்களுக்கும்.

உங்கள் வீட்டிலும் வாயே திறக்காத பெரியவர் யாராவது இருப்பார். ஏதோ ஒரு காலத்தில், யாரையோ காப்பாற்ற, எதன் மேலேயோ அவர் ஒரு வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கக்கூடும். கிளறிக் கேட்க வேண்டாம். ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு கொஞ்ச நேரம், சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.